முனை உருட்டிய கல்

1

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. ஒரு தேங்காய்க்காக.

மெல்போர்னில் எங்கள் வீடும் பக்கத்து வீடும் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியவை. நடுவில் ஒரு சுவர் இருப்பதாகப் பத்திரத்தில் போட்டிருக்கிறது. எனக்கு அது வர்ணம் அடித்த அட்டை என்றுதான் சந்தேகம். பக்கத்து வீட்டம்மா தும்மினால் நான் இங்கே முகத்தைத் துடைத்துக்கொள்வேன்.

அன்று ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் வேண்டும் என்றாள் என் மனைவி பிரிசில்லா. இந்த ஊரில் கிடைக்கும் தேங்காய் எந்தத் தீவிலிருந்து வருகிறதோ, மண்டை கெட்டி. அருவாளும் கிடையாது. ஆகவே நம் ஆட்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். சமையல் மேடையின் முனையில், சிங்க் ஓரமாக வைத்து ஓங்கி அடித்தேன். மேடை வெள்ளை குவார்ட்ஸ், கல்தூளும் பிசினும் கலந்து செய்த செயற்கைக் கல். பாலாடை மாதிரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்க நாங்கள் இருவரும் ஆறு கடை ஏறி ஏழு சண்டை போட்டோம்.

முதல் அடிக்குத் தேங்காய் அசையவில்லை. இரண்டாவது அடிக்கு என் மணிக்கட்டு அசைந்தது. எனக்கு வெறி வந்துவிட்டது.

"இன்னிக்கு உன் மண்டைய ஒடைக்காம விடமாட்டேன்டி!" என்று கத்தினேன். தேங்காயைப் பார்த்துத்தான்.

"வேணாங்க! ஐயோ, விடுங்க! வேணாம்னு சொல்றேன்ல!" என்று பிரிசில்லா அலறினாள். மேடையைப் பார்த்துத்தான்.

மூன்றாவது அடியில் தேங்காய் பிளந்தது. கூடவே மேடையும். சிங்க்குக்காக வெட்டிய பள்ளத்தின் மூலையிலிருந்து சுவர் வரைக்கும் ஒரு கோடு, தலைமுடி கனத்தில், சரக்கென்று ஓடியது. எந்தக் கல்லிலும் வெட்டுப் போட்ட இடம்தான் பலவீனம். அதை மேடை போட்டவன் அன்றைக்கே சொன்னான். நான் தலையாட்டினேன். இங்கே வந்த பிறகு நான் அதிகமாகச் செய்திருப்பது தலையாட்டுவதைத்தான்.

தேங்காய்த் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது.

2

இரண்டு பேர். பக்கத்து வீட்டம்மா போன் செய்திருக்கிறாள். ஒருவன் வாசல் நிலையைவிட உயரம். இன்னொருத்தி பெண் அதிகாரி, இடுப்பில் துப்பாக்கி, முகத்தில் சிரிப்பு. உயரமானவன் என்னைத் தோளில் தொட்டுப் புல்வெளிக்கு அழைத்துப் போனான். அந்த அம்மாள் பிரிசில்லாவோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவனையும் மனைவியையும் பிரித்து வைத்து விசாரிப்பதுதான் இங்கே முறையாம்.

"இந்த மாதிரி முன்பும் நடந்திருக்கிறதா?" என்று உயரமானவன் கேட்டான்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும்" என்றேன் பெருமையாக. "என் அப்பாவும் இப்படித்தான். எங்கள் குடும்பத்தில் ஆண்கள்தான் உடைப்போம்."

அவன் எழுதிக்கொண்டான். அவன் கேட்டது தேங்காயைப் பற்றி இல்லை என்று எனக்கு உறைக்கும்போது பக்கம் நிரம்பியிருந்தது.

காப்பாற்றியது என் மகள் ஜோயன்னா. பதினாறு வயது. எங்களோடு பேசும்போது தமிழில் மூன்று வார்த்தைக்கு மேல் தாண்டாதவள், அன்றைக்கு இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்ப்பாளர் ஆனாள். "இந்த வீட்டில் நீ யாருக்காவது பயப்படுகிறாயா?" என்று அந்த அம்மாள் அவளைக் கேட்டாளாம். "அம்மாவுக்கு" என்றிருக்கிறாள். அப்பாவுக்குக் கரப்பான்பூச்சியை அடிக்கக்கூடத் தைரியம் கிடையாது என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். என் மானம் போனது. ஆனால் விடுதலை கிடைத்தது.

போகும் முன் அந்த அம்மாள் பிரிசில்லா கையில் ஒரு அட்டையைக் கொடுத்தாள். எப்போது வேண்டுமானாலும் இந்த எண்ணுக்குப் பேசலாம் என்றாள். திங்கட்கிழமை வேறு ஒரு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா, இப்போது தனியாகப் பேச முடியுமா?" என்று அவளிடம் கேட்டார்கள். அட்டையை அவள் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்துவிட்டாள். குப்பையைக் கொட்டச் சொன்னால் நான் முன்பைவிடச் சீக்கிரம் எழுந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று பிரிசில்லா சிரிப்பை நிறுத்தினாள்.

"ஒரு தேங்காய்க்கு ரெண்டு பேர் வந்துட்டாங்க. உங்க அக்கா வீட்ல தெருவே கேட்டுச்சு. ஒருத்தர் வந்தாங்களா?"

3

என் அக்கா ரூபி. சென்னையை ஒட்டிய இரும்புலியூரில் இருக்கிறாள், கணக்கு டீச்சர். அவள் சம்பளத்தில் லோன் போட்டு வாங்கிய வீடு. அவள் கணவர் சாலமன் அத்தான். சர்ச்சில் பாடுவார், நன்றாகவே பாடுவார். கல்யாண வீட்டில் அவர் இருக்கும் பக்கம்தான் சிரிப்புச் சத்தம் கேட்கும். என் ஜோக்குகளில் பாதி அவரிடமிருந்து சுட்டவை.

அந்த வீட்டுச் சமையல் மேடை கடப்பா கல். அதைப் போட்ட மேஸ்திரி, வெட்டச் சோம்பல்பட்டு, கதவுப் பக்கம் நான்கு விரல் நீட்டி விட்டிருந்தான். அந்த மூலை கத்தி மாதிரி நிற்கும். கீழே கேஸ் சிலிண்டர். அக்காவின் நெற்றியில் ஒரு தழும்பு, புருவத்தில் ஒன்று, காதுக்குப் பின்னால் தையல் போட்டது ஒன்று. எது கேட்டாலும் ஒரே பதில்: "சிலிண்டர் மாத்திட்டு நிமிர்ந்தேன், மேடை இடிச்சிருச்சு."

தெருவில் எல்லோருக்கும் அந்த மேடையைத் தெரியும். எதிர்வீட்டு மேரி டீச்சர், அக்கா முகம் வீங்கி வெளியே வந்தால் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்ன ரூபி, மேடையா?" என்பார்களாம். "ஆமாக்கா." அவ்வளவுதான். முந்தின நாள் பாத்திரம் பறந்த சத்தமும், 'அடிக்காதீங்க' என்ற சத்தமும் அந்தக் கேள்விக்குள் போய் அடங்கிவிடும்.

நான் ஒரு தடவை ஊருக்குப் போகும்போது, கைக்குழந்தை உள்ள வீட்டில் மேசை மூலைகளில் ஒட்டுவார்களே, அந்த ரப்பர் பொட்டலம் ஒன்று வாங்கிப் போனேன். "இனிமே மேடை உன்னை அடிக்காது" என்று நானே ஒட்டியும் விட்டேன். அத்தான் கைதட்டிச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள்.

போன தடவை நான் லீவில் போயிருந்தபோது அக்கா, "டேய், மேடைய மாத்தப் போறேன். கல்லு வாங்க வர்றியா?" என்றாள். வெளிநாட்டில் குவார்ட்ஸ் போட்டவன் அல்லவா, நிபுணர் ஆகிவிட்டேன். ஜிஎஸ்டி ரோடு ஓரத்தில் கிரானைட் பலகைகளை நிறுத்தி வைத்திருக்கும் ஒரு கடைக்குப் போனோம். போகும் வழியெல்லாம் பாடம் எடுத்தேன். மார்பிள் வேண்டாம், எலுமிச்சைச் சாறு பட்டால் அரித்துவிடும். குவார்ட்ஸ் வேண்டாம், சூடான குக்கரை வைத்தால் வளையம் விழும். அதில் கலந்திருக்கும் பிசின் பொசுங்கும். கிரானைட்தான் நம் சமையலுக்கு. கறுப்பு நிறம் வாங்கினால் பெயிண்ட் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துப் பார். துணியில் கறுப்பு வந்தால் சாயம் ஏற்றிய கல். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வை. உறிஞ்சிக் கறுத்தால் நாளைக்கு எண்ணெயையும் அப்படித்தான் குடிக்கும். விரலால் தட்டு; மணி மாதிரி கேட்க வேண்டும், ஓட்டைச் சத்தம் வந்தால் உள்ளே விரிசல்.

அக்கா ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைக்காரர் வெள்ளிப் புள்ளி போட்ட கறுப்பைக் காட்டினார், பச்சையைக் காட்டினார், சிவப்பைக் காட்டினார்.

"எதுன்னாலும் சரி சார். முனை எப்படிப் பண்ணுவீங்க?"

"நேரா வெட்டினா ஒரு ரேட்டு மேடம். பாதி ரவுண்டு இருக்கு, ஃபுல் ரவுண்டு இருக்கு. ஃபுல் ரவுண்டுனா மோல்டிங் சார்ஜ் ஆகும்."

"ஃபுல் ரவுண்டு. மூலையையும் வளைச்சு வெட்டணும். வெளிய ஒரு இன்ச் நீட்டக் கூடாது."

"சின்னப் பசங்க இருக்காங்களா மேடம்?"

"இல்ல சார்" என்றாள் அக்கா. "நான் இருக்கேன்."

நான் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். கடைக்காரரும் சிரித்தார்.

4

இங்கே இப்போது என் கதை: உடைந்த குவார்ட்ஸை மாற்ற முடியாது. அந்தக் கல்லையே நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அறுக்கும்போது பறக்கிற தூசி அறுப்பவனின் நுரையீரலுக்குள் போய்ச் சிமெண்ட் மாதிரி இறுகிவிடுகிறதாம். இளவயதுப் பையன்கள் மூச்சுக்குத் திணறிச் செத்திருக்கிறார்கள். என் பாலாடை மேடைக்குப் பின்னால் இப்படி ஒரு கொலை இருப்பது கடை விளம்பரத்தில் இல்லை.

வாரண்டி கேட்டு மனுப் போட்டேன். 'சேதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் 'சாதாரண வீட்டு உபயோகம்' என்று எழுதினேன். பார்வையிட வந்த ஆள் விரிசலைப் பார்த்தான். முனையில் இருந்த வெள்ளைச் சில்லையும், அதில் ஒட்டியிருந்த தேங்காய் நாரையும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "என்ன ஆயுதம்?" என்றான். இந்த நாட்டில் என்னைக் குற்றவாளியாகப் பார்க்காத ஆள் இனி பல் டாக்டர் மட்டும்தான்.

5

இரும்புலியூரில் மேடை மாற்றிய நாளைச் சொல்ல வேண்டும்.

கல் வேலைக்கு வந்தவர் பேர் பாபு. பழைய கடப்பாவைச் சம்மட்டியால் உடைத்தார். அது லேசில் சாகவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சில்லு துப்பியது. ஒன்று என் முழங்காலுக்குக் கீழே கிழித்துக்கொண்டு போனது. கடைசியில் கதவுப் பக்கத்து மூலை தனியாக விழுந்தது. பாபு அதைக் காலால் தள்ளி மூட்டையில் போட்டார். புதுக் கல்லைச் சுவரில் சாய்த்து வைத்து, பின் வாசலில் உட்கார்ந்து பக்கப் பலகையை மெஷினால் அறுக்க ஆரம்பித்தார். வீடு முழுக்கத் தூசி.

அத்தான் ஆபீஸிலிருந்து பாதியில் வந்துவிட்டார். கல்லின் முனையைத் தடவிப் பார்த்தார்.

"இதென்னடி, வழுக்கைத் தலை மாதிரி? யார் கேட்டா இதை?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"நேரா வெட்டினா போதாதா? மகாராணிக்கு ரவுண்டு கேக்குதா?"

"ஆமா. கேக்குது."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அத்தான் கை அவள் கொண்டைக்குப் போனதை நான் பார்த்தேன். பிடித்துத் திருகி, தலையைப் பின்னால் இழுத்தார். அக்கா கத்தவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள், ஊசி போடும்போது மூடுவோமே, அந்த மாதிரி. பழகிய கண்.

நான் குறுக்கே போனேன். போனேன் என்று எழுத எனக்கு ஆசை. தடுக்கி விழுந்தேன் என்பதுதான் சரி. விழுந்த வேகத்தில் அத்தான் மேல் மோதினேன். அவர் முழங்கை என் மூக்கில் இறங்கியது. என் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் பாபுவின் மெஷின் பக்கத்தில் விழுந்தது. ரத்தம் சூடாக உதட்டுக்கு வந்தது. என் வாழ்க்கையின் ஒரே சண்டையில் நான் நின்றது ஒரு மூச்சு நேரம்.

"யோவ், இன்னாய்யா இது!" என்று பாபு மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். "நான் கல்லு அறுத்துகினு கீறேன், நீங்க இங்க அடிச்சிகினு கீறீங்க! கை போச்சுன்னா எவன் குடுப்பான்? பொம்பளைய விடு சார்!"

அத்தான் விட்டுவிட்டார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அந்தக் கல்யாண வீட்டுச் சிரிப்பு வந்தது.

"என்ன மச்சான், மூக்கா? மேடை இடிச்சிருச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. கலைந்த கொண்டையோடு அக்கா சொன்னாள்:

"மேடையே இல்லையேங்க."

மேடை இருந்த இடத்தில் செங்கல் கட்டை மட்டும் நின்றது. அத்தான் அதைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

துணி துவைக்கும் கல்லடியில் அக்கா என் மூக்கில் தண்ணீர் ஊற்றினாள். நான் கேட்டேன். "இத்தனை நாளும் இதானாக்கா?"

"தலைய நிமித்து. ரத்தம் நிக்கட்டும்."

"அதுக்குத்தான் ரவுண்டு கேட்டியா? விழுந்தா அடி கம்மியா படும்னு?"

"லூசு" என்றாள். "கம்மியா பட்டு என்ன ஆகப் போவுது? ரவுண்டா இருந்தா மேடை இடிச்சிருச்சுன்னு நான் சொல்ல முடியாதுல்ல. என் வாய் தானா அதைச் சொல்லுதுடா. அடி விழுந்த உடனே அதான் வருது. தெருவுக்கும் அது வசதியா இருக்கு. நான் சொல்றேன், அவங்க நம்புறாங்க. யாருக்கும் எந்திரிச்சு வர வேண்டாம். அந்தக் கல்ல மொதல்ல எடுக்கணும்னு தோணுச்சு."

"என்கூட மெல்போர்ன் வந்துடுக்கா."

"வந்து? உன் வெள்ளை மேடைய தொடச்சுக்கிட்டு நிக்கவா? இது என் வீடு. போறதுன்னா அவர்தான் போகணும்."

மறுநாள் கல் உட்கார்ந்தது. சிலிண்டரையும் வெளியே பின் வாசலுக்கு மாற்றி டியூப் போடச் சொன்னாள் அக்கா. இனிமேல் மேடைக்குக் கீழே குனிந்து நிமிர எந்த வேலையும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஜெபம் வைத்தாள். புது அடுப்படிக்கு எங்கள் பக்கம் அது வழக்கம். பாஸ்டர் குடும்ப சமாதானத்துக்காக நீளமாக ஜெபித்தார். ராத்திரியே திரும்பி வந்துவிட்டிருந்த அத்தான் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகப் பாடினார். எல்லாம் முடிந்து காபி கொடுக்கும்போது அக்கா பெண்களை மட்டும் சமையலறைக்குள் கூப்பிட்டாள். நான் காபித் தட்டோடு கதவருகே நின்றேன்.

வகுப்பு எடுக்கும் குரலில் சொன்னாள். "புளி, எலுமிச்சை பட்டா உடனே தொடச்சிடணும். பாத்ரூம் ஆசிட்டு கிட்டயே கொண்டு வரக் கூடாது, பாலிஷ் போயிடும். பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணியே போதும். வருஷத்துக்கு ஒரு தடவை சீலர் தடவணும், அப்பத்தான் எண்ணெய் இறங்காது. முனைய பாருங்க. கை வெச்சுப் பாருங்க. எல்லாரும்."

ஒவ்வொருத்தராகக் கை வைத்துத் தடவினார்கள்.

"எங்கயாவது குத்துதா?"

"இல்ல ரூபி. வழவழன்னு இருக்கு."

"இதுல இடிச்சுக்கிட்டா ரத்தம் வருமா?"

ஒவ்வொருத்தராகக் கையை எடுத்துக்கொண்டார்கள். மேரி டீச்சர் மட்டும் முனையிலிருந்து கையை எடுக்காமல் நின்றார்கள். காபி ஆறிப் போனது.

6

அத்தான் இப்போது அந்த வீட்டில் இல்லை. பொத்தேரியில் காலேஜ் பையன்கள் தங்கும் ஒரு லாட்ஜில் ரூம் எடுத்திருக்கிறார் என்று கேள்வி. மகளிர் காவல் நிலையத்தில் அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறாள். அங்கே ஒரு அம்மாள், "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கும்மா, சமாதானமாப் போங்களேன்" என்றாராம். "சமாதானத்துக்குப் பாஸ்டர் ஜெபம் பண்ணிட்டார் மேடம், நீங்க எழுதிக்கோங்க" என்றிருக்கிறாள். அலைய விடுகிறார்கள். ஒரு நாள் போனால் அதிகாரி இல்லை, மறுநாள் போனால் பேப்பர் இல்லை. ஸ்கூலில் பர்மிஷன் போட்டு அலைந்துகொண்டிருக்கிறாள்.

தேங்காய் விவகாரத்துக்குப் பிறகு அவளுக்குப் போன் செய்தேன். என் வீட்டுக்குப் போலீஸ் வந்த கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் கேட்டேன். "அத்தான் போனது எப்படின்னு நீ இன்னும் எனக்கு முழுசா சொல்லவே இல்லையேக்கா."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஞாயித்துக்கெழமைடா. அவர் சர்ச்சுலேருந்து முன்னாடியே வந்துட்டார். கொழம்புல உப்பு இல்லைன்னு ஆரம்பிச்சுது. கரண்டியால அடிச்சார், அப்புறம் கையால. புருவம் கிழிஞ்சு ரத்தம் கண்ணுக்குள்ள போவுது. எனக்கு எப்பவும் போல தோணினது என்னன்னா, மொகத்த கழுவணும், கேட்டா என்ன சொல்றது. பழக்கதோஷம். பக்கத்துல மேடையப் பாக்குறேன். வழுவழுன்னு நிக்குது. சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. மொகத்த கழுவல. அப்படியே அவர உள்ள விட்டுட்டுத் தெருவுக்கு வந்து கேட்டத் தொறந்துக்கிட்டு நின்னுட்டேன். சர்ச்சு விட்டு எல்லாரும் வர்ற நேரம். பட்டுப் பொடவை, பைபிள், குடை. என்னைப் பாத்துட்டு தெருவே நின்னுடுச்சு."

"யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"மேரி டீச்சர் கேட்டாங்க. அவங்களுக்கும் பழக்கம்தானே. 'என்ன ரூபி'ன்னு ஆரம்பிச்சாங்க. பாதியில நிறுத்திட்டாங்க. அந்த வார்த்தை அவங்களுக்கு வரல. நானே சொன்னேன். 'அவர் கைதான் அக்கா'ன்னேன். சத்தமாவே சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பைபிளைக் காம்பவுண்டு சொவத்து மேல வெச்சாங்க. முந்தானைய எடுத்து இடுப்புல சொருகினாங்க. 'வாங்கடி'ன்னு பின்னாடி திரும்பி ஒரு வார்த்தை. அத்தனை பேரும் என்னைத் தாண்டி நம்ம வீட்டுக்குள்ள போனாங்கடா. செருப்பைக்கூட ஒருத்தரும் கழட்டல."